ஐந்தரை மணி நேரம்

ஷமீமா அக்காவுக்கு மறதி வரவில்லை. கடிகாரத்தைக் கெடுத்தவன் நான். அதை மறைத்தவனும் நான்.

சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் விளக்கம். விளக்கம் சொல்லி எனக்குப் பழக்கமில்லை... பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஏழுமலை. அரியாங்குப்பத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். படிப்பு எட்டாவது. புதுச்சேரி டவுனில் ஒரு கடையில் தூசு துடைக்கச் சேர்ந்து, கழற்றவும் மாட்டவும் கற்றுக்கொண்டேன். திரையில் வரும் இங்கிலீஷ் பாதி புரியும். மீதியை அழுத்திப் பார்த்துத் தெரிந்துகொள்வேன்.

அதுதான் என் தொழில் முறை. ஓடுகிற வரைக்கும் மாற்று. ஓடினால் கையை எடு. ஏன் ஓடியது என்று எந்த வாடிக்கையாளரும் என்னைக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டதில்லை.

ஷமீமா அக்கா வீடு டவுனில், முல்லா வீதிக்குப் பக்கத்தில். கீழ்த்தளத்தில் எம்பிராய்டரி மிஷின் போட்டு, ரவிக்கைக் கைகளுக்குப் பூ வேலை செய்து கொடுக்கிறார். கல்யாணத்துக்கு முன் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தவர். அந்தப் படிப்பு முப்பது வருடம் பீரோவில் கிடந்தது. பிரான்சில் குடியிருக்கும் அவர் அண்ணன் ஒருமுறை வந்தபோது, ஒரு தொலைநோக்கியும் அதைத் தானாகத் திருப்பும் மோட்டாரும் கொண்டுவந்து கொடுத்தார். அன்றிலிருந்து அக்காவுக்கு மாடிதான் வீடு.

வீட்டில் இருந்தது ஒரே மினி பிசி. டிபன் டப்பா அளவு. எம்பிராய்டரி டிசைன் விண்டோஸில்தான் ஓடும். தொலைநோக்கியை ஓட்டும் மென்பொருளுக்கு லினக்ஸ் வேண்டும். பகலில் அது, பொழுது சாய்ந்தால் இது. ஒரே பெட்டியில் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுத் தர முடியுமா என்று டவுனில் இரண்டு கடைகளில் கேட்டிருக்கிறார். ஆகாது என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதாக என்னிடம் வந்தார்.

முடியும் என்றேன். அதற்கு முன் நான் அதைச் செய்ததில்லை. அதைச் சொல்லவில்லை.

என் சட்டையைப் பார்க்காமல், சர்டிபிகேட் கேட்காமல், பெட்டியை என் கையில் கொடுத்த முதல் டவுன் வாடிக்கையாளர் அவர். அவர் சொல்லித்தான் அந்தத் தெருவே என்னிடம் வந்தது. என் மனைவி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தாள். பதினோரு நாளும் கேரியரில் சோறு வந்தது. நோன்புக் காலத்தில் கஞ்சி வாளி டவுனிலிருந்து ஆற்றைத் தாண்டி என் கடை வரைக்கும் வரும். இன்றும் வருகிறது. இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன்? நான் யாருக்குச் செய்தேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

இரண்டையும் போட்டு முடித்த அன்று, அந்தி நேர மஃரிப் தொழுகை முடித்து அக்கா மாடிக்கு வந்தார். லினக்ஸைத் திறந்தேன். இருட்டக்கூட இல்லை. திரையின் மூலையில் கடிகாரம் நள்ளிரவு தாண்டிக் காட்டியது.

மாடிக்கு வைஃபை எட்டாது. இன்டர்நெட் இருந்திருந்தால் கடிகாரம் தானே திருந்தியிருக்கும். அமைப்புக்குள் போனேன். உலகப் பொது நேரத்தைவிட நம் நேரம் ஐந்தரை மணி கூடுதல் என்று அதில் இருந்தது. அந்த ஐந்தரையைப் பூஜ்ஜியம் ஆக்கினேன். மூலையில் இருந்த மணி அக்காவின் போனில் இருந்த மணியோடு ஒத்துப்போனது. எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு ஒரு நட்சத்திரத்தின் பெயரைக் கொடுத்து ஓட்டினோம். தொலைநோக்கி வேறு பக்கம் திரும்பி நின்றது.

"என்ன ஏழுமல, இது ஜப்பார் பாய் வூட்டு தண்ணித் தொட்டியில போயி நட்சத்திரம் தேடுது?"

"தண்ணி குடிக்கப் போயிருக்கும்க்கா."

சிரித்தார். டீ போட்டு வருகிறேன் என்று கீழே இறங்கினார். அந்த நேரத்தில்தான் செய்தேன்.

ஊர் எங்கே இருக்கிறது என்று சொல்லும் கட்டம் ஒன்று உண்டு. கிழக்கு மேற்குக்கு ஓர் எண், எண்பதுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. அதைக் குறைத்தேன். தொலைநோக்கி கொஞ்சம் திரும்பியது. இன்னும் குறைத்தேன். இன்னும் திரும்பியது. பூஜ்ஜியத்துக்குக் கீழே கொஞ்சம் போனதும் நட்சத்திரம் கண்ணாடிக்குள் வந்து நின்றது. ஓடியது... கையை எடுத்துவிட்டேன்.

அந்த எண் எந்த இடம் என்று ரொம்ப நாள் கழித்து வரைபடத்தில் பார்த்தேன். ஆப்பிரிக்காவில், கடலே இல்லாத ஒரு நாடு. புதுச்சேரியைக் கொண்டுபோய் அங்கே வைத்திருக்கிறேன்!

டீயோடு வந்த அக்கா கண்ணை வைத்துப் பார்த்தார். பிறகு, "நல்லா இருப்ப தம்பி" என்றார். அடுத்த வாரம் எனக்கு ஒரு சட்டை தந்தார். பையின் மேல் நீல நூலில் என் கடைப் பெயர், அவர் மிஷினில் தைத்தது.

அக்கா பார்த்தது ஒரே ஒரு நட்சத்திரத்தை. பார்க்க ஒன்றாகத் தெரியும், உண்மையில் இரண்டு. ஒன்றையொன்று சுற்றுகின்றன. ஒன்று மற்றதை மறைக்கும்போது வெளிச்சம் மங்கும். எந்த நிமிடத்தில் மங்கியது என்பதைக் குறிக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். ஒவ்வொரு படத்தின்மேலும் உலகப் பொது நேரத்தை மென்பொருளே எழுதிவிடும். வெளிநாட்டில் இதற்கென்று ஒரு குழு இருக்கிறது. பல ஊர்களிலிருந்தும் வரும் நேரங்களை அவர்கள் சேர்த்து வைக்கிறார்கள்.

நேரம்தான் எல்லாம். படம் மங்கலாக இருந்தாலும் மன்னிப்பார்கள். நேரம் தப்பினால் குப்பை.

பதினான்கு மாதம் படம் எடுத்தார். மேகம் இல்லாத நாள் ஒன்றையும் விடவில்லை. எல்லாவற்றையும் மொத்தமாகச் சேர்த்து அனுப்பினார். பதில் வந்தது. ஒரு நேரம்கூடப் பொருந்தவில்லை. முதலில் உங்கள் கடிகாரம் சரியா என்று பாருங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

என்னைக் கூப்பிட்டார். போனேன்.

"டைம் கரெக்டா இருக்குதா பாரு ஏழுமல. நல்லாப் பாத்து சொல்லு."

மூலையில் மணி. போனில் மணி. இரண்டும் ஒன்று. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அந்த எண் நினைவுக்கு வந்தது. நான் நகர்த்திய ஊர். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமோ...? தெரியாமல் கை வைத்தேன் என்று அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தத் தெருவில் என் பெயர் என்னாகும் என்று யோசித்தேன். பையில் நீல நூல் போட்ட சட்டையைத்தான் போட்டிருந்தேன்.

"கரெக்டாத்தான்க்கா இருக்குது."

அக்கா அப்படியே எழுதி அனுப்பினார். என் ஆள் பார்த்துவிட்டார், கடிகாரம் சரி என்று.

கடிகாரம் சரி என்றால் தப்பு யாருடையது? அக்கா தன்னைத்தான் பார்த்துக்கொண்டார். அவருடைய அம்மா கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளைகளின் பெயரை மறந்தவர். சோறு சாப்பிட்டதை மறந்து மறுபடி தட்டோடு உட்காருவாராம். தனக்கும் அது தொடங்கிவிட்டது என்று அக்கா முடிவு கட்டினார். வேறு நட்சத்திரத்தைப் பார்த்திருப்பேன், நாள் மாற்றிப் போட்டிருப்பேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். குழுவுக்கு எழுதி, தன் பதிவுகளை எடுத்துவிடச் சொன்னார். மன்னிப்பும் கேட்டார்.

தொலைநோக்கிக்கு உறை போட்டார். டாக்டரிடம் போய் மாத்திரை வாங்கினார். டிசைன் மாற்றி அடித்துவிடுவேன் என்று மிஷின் அறைச் சாவியை மருமகள் ரிஸ்வானாவிடம் கொடுத்தார். படங்கள் இருந்த டிஸ்க்கை என்னிடம் கொடுத்தார்.

"உள்ள இருக்கறது குப்பைப்பா. அழிச்சிட்டு நீயே வச்சுக்க. உனக்கு ஒதவும்."

வாங்கிக்கொண்டேன். அழிக்கவில்லை. ஏன் அழிக்கவில்லை என்று கேட்டால் எனக்கே தெரியாது. கடை மேசை டிராயரில் போட்டேன்.

ஏழு மாதம் போனது. தவளக்குப்பத்திலிருந்து ஒருவர் லேப்டாப் கொண்டுவந்தார். அதிலும் விண்டோஸ், லினக்ஸ் இரண்டும். அதிலும் மணி ஐந்தரை மணி நேரம் தள்ளி. இந்தமுறை ஏன் என்று தேடிப் பார்த்தேன். ஒரு வீடியோவில் சொன்னார்கள். பெட்டிக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. விண்டோஸ் அதில் நம் ஊர் மணியை எழுதி வைக்கும். லினக்ஸ் அதே மணியை உலகப் பொது நேரம் என்று படித்து, அதன்மேல் ஐந்தரையைக் கூட்டும். இரண்டின்மேலும் குற்றமில்லை. இரண்டுக்கும் பேசி வைப்பது, போட்டுக் கொடுப்பவன் வேலை. ஒரே ஒரு வரி அடித்தால் போதும்.

ஒரு வரி.

நண்பகல். கடையில் யாரும் இல்லை. ஸ்குரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்காவின் படங்கள் ஒவ்வொன்றிலும் நேரம் ஐந்தரை மணி தள்ளி எழுதப்பட்டிருக்கிறது. ஊரையும் நகர்த்தியதால் தொலைநோக்கி சரியாகத் திரும்பியது. ஒரு தப்பை இன்னொரு தப்பு மூடிவிட்டது. அக்கா எதையும் மறக்கவில்லை. ஒரு நாளும் மாற்றிப் போடவில்லை.

மறுநாளே போனேன். சொல்லவா போனேன்? பெட்டியில் தூசு எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போனேன். அந்த வரியை அடித்தேன். பூஜ்ஜியம் ஆக்கிய ஐந்தரையைத் திருப்பி வைத்தேன். ஊரை அதன் இடத்தில் வைத்தேன். பிறகு அக்காவிடம், ஒருமுறை பாருங்களேன் என்று கெஞ்சினேன். அவர் மாட்டேன் என்றார். மூன்று முறை கேட்டபின் உறையை எடுத்தார்.

அடுத்து அனுப்பிய நேரம் பொருந்தியது. அதற்கடுத்ததும் பொருந்தியது. எனக்குப் போன் போட்டுச் சொன்னார்.

"மாத்திரை வேல செய்யிது தம்பி. அப்ப முன்னாடி நான்தான் தப்புத் தப்பா பண்ணிருக்கேன்."

இப்படித் திரும்பும் என்று நான் நினைக்கவில்லை. நான் சரிசெய்ததே அவர்மேல் சாட்சி ஆகிவிட்டது. போனைக் காதில் வைத்தபடி நின்றேன். "சரிக்கா" என்றேன்.

இந்த வருடம் அந்தக் குழு எல்லோருக்கும் எழுதியது. அந்த இரட்டை நட்சத்திரத்தின் சுற்றில் ஏதோ மாற்றம் தெரிகிறது, எப்போது மாறத் தொடங்கியது என்று தெரிய வேண்டும், பழைய பதிவு யாரிடமாவது இருக்கிறதா என்று. அவர்கள் கேட்ட காலம் அக்காவின் பதினான்கு மாதம். அக்கா அதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"எங்கிட்டதான் இருந்துச்சு. நான் கெடுத்துட்டேன்."

அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியவில்லை. மறுநாள் காலையில் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு போனேன். அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தேன். எல்லா நேரத்திலும் ஐந்தரை மணி கழிக்கவும் என்று என் கையெழுத்தில். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே போனேன்.

அக்கா சீட்டைப் படித்தார். ஒரு படத்தைத் திறந்து கழித்துப் பார்த்தார். இன்னொன்று. இன்னொன்று.

"அப்ப எனக்கு மறதி இல்லியா?"

"இல்லக்கா."

"பின்ன எதுனால?"

மனப்பாடம் செய்தது வாய் வரைக்கும் வந்தது. வந்து...

"மிஷின்க்கா. ரெண்டு சிஸ்டம் ஒண்ணா இருந்தா அப்படித்தான் ஆவும்."

அவர் அழுதார். நான் பார்த்து அவர் அழுதது அந்த ஒருமுறைதான். குப்பை என்று கொடுத்ததை அழிக்காமல் வைத்திருந்தாயே என்றார். நீ இல்லையென்றால் நான் என்ன ஆகியிருப்பேன் என்றார். ரிஸ்வானாவைக் கூப்பிட்டு என்னைக் காட்டிச் சொன்னார். தொழுகையில் என் பெயரையும் பிள்ளை பெயரையும் சொல்லிக் கேட்கிறேன் என்றார்.

நான் தலையை ஆட்டினேன். நீங்களே சொல்லுங்கள், அந்த நன்றியை எந்தக் கையால் வாங்குவது? வாங்கினேன்.

குழு அந்தப் பதிவுகளைச் சேர்த்துக்கொண்டது. அக்கா பெயரோடு. அதில் எனக்கு நிறைவு உண்டு, மறைக்கவில்லை. ஆனால் உறைக்குள் கிடந்த ஏழு மாதத்தில் அந்த நட்சத்திரம் எத்தனை முறை மங்கியதோ, அதை யார் எடுத்துத் தருவார்?

போன வாரம் கேபிள் மாற்றப் போனேன். மிஷின் அறைச் சாவி இப்போதும் ரிஸ்வானாவின் இடுப்பில்தான். நல்ல பெண், குறை சொல்லமாட்டேன். அக்கா எனக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"மாமி, கேஸ ஆஃப் பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேம்மா."

ரிஸ்வானா அடுப்படிக்குப் போனாள். குமிழ்களைத் தொட்டுப் பார்க்கும் சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. அக்காவும் கேட்டார். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

"குடி ஏழுமல. ஆறிடும்."

குடித்தேன்.