உருவிக்கொண்ட கை

மலாயாவில் ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன்; பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. மர நிரைக்குள் தனியாக அகப்படும் பெண்களைக் கங்காணி கையைப் பிடித்து இழுப்பான். பக்கத்து நிரை அஞ்சலைதான் வழி சொன்னாள்.

"சும்மா இழுக்காத புள்ள. அவன் கட்டவெரல் பக்கமாத் திருகி வெடுக்குன்னு உருவு."

பாலை எடைபோட்டுக் கொடுத்த பிறகு, ஒருத்தி மணிக்கட்டை இன்னொருத்தி பிடித்துத் தினமும் பழகினோம். யோசிக்காமலே கை திருகும்வரை அவள் விடவில்லை.

ஒருநாள் கங்காணி என்னைப் பிடித்தான். உருவிக்கொண்டு, வாளியோடு அடுத்த மரத்துக்குப் போனேன். சந்தோஷம்கூட வரவில்லை.

அந்த மழைக்காலத்தில் என் வீட்டுக்காரருக்கு மலேரியா கண்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் கண்மூடிக் கிடந்தார். நெற்றித் துணியை நனைக்க நான் எழுந்தபோது, சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார். என் கை திருகி உருவிக்கொண்டது.

அவர் கண் திறந்தார்.

"நாந்தான்" என்றார்.

"தெரியும்" என்று கையை மறுபடி நீட்டினேன். அவர் பிடிக்கவில்லை. சாயங்காலம் போய்விட்டார்.

நான் அழவில்லை. அஞ்சலையைக் குறை சொல்லவும் தோன்றவில்லை. இன்றைக்கும் யாராவது ஆசையாகக் கையைப் பிடித்தால், அவர்களுடைய கட்டைவிரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன்.