குப்பாயி தராத நெருப்பு

காலையில் எழுந்ததும் நான் செய்கிற முதல் வேலை ஜெபம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அது இரண்டாவது. முதல் வேலை நெருப்பு வாங்கப் போவது. யுத்தம் தொடங்கியதிலிருந்து இந்தச் சித்தேரி மலையில் தீப்பெட்டி கண்ணில் படுவதே அபூர்வம். அடிவாரத்துச் சந்தையில் எப்போதாவது ஒன்று அகப்பட்டாலும் மேலே கொண்டுவந்து சேர்ப்பதற்குள் பனியில் நமுத்துவிடும். உரசினால் மருந்து மட்டும் உதிரும். ஆகவே ஓர் உடைந்த சட்டியை எடுத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே இருக்கிற என் குடிசையிலிருந்து ஓடையைத் தாண்டிப்போய், தீர்த்தன் வீட்டு வாசலில் நிற்பேன். தீர்த்தன் என் வயதுக்காரர், சாமை விதைக்கிறவர். அவர் மனைவி குப்பாயி அடுப்பைக் கிளறி இரண்டு கங்குகளைச் சட்டியில் போடுவார். நான் பதிலுக்கு ஒரு சுள்ளியை அவர்கள் அடுப்போரம் வைத்துவிட்டு வர வேண்டும். வெறுங்கையோடு நெருப்பு வாங்கக்கூடாது என்பது ஊர் வழக்கம். வந்த புதிதில் இது தெரியாமல் சுள்ளிக்குப் பதில் ஒரு காலணாவை வைத்தேன். குப்பாயி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எரியுங்களா?" என்று கேட்டார்.

நம் செம்மணல் தேரிக்காட்டில் நெருப்புக்கு யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. பனையேற்றுக் காலத்தில் எங்கள் வீட்டு அடுப்பு அணைந்து நான் பார்த்ததே கிடையாது. அப்பா மரத்திலிருந்து இறங்க இறங்க, அம்மா பதநீரைக் காய்ச்சிக்கொண்டே இருப்பாள். அந்தப் புகையில்தான் நான் வேதப்பாடம் படித்தேன். மிஷன் சங்கத்து ஆட்கள் வந்து, வடக்கே மலையில் ஊழியத்துக்குப் பையன்கள் வேண்டும் என்றபோது அம்மா பதநீரைக் கிளறிக்கொண்டே இருந்தாள். அப்பாதான் இடுப்புக் கயிற்றைக்கூட அவிழ்க்காமல் வந்து நின்று, "கூட்டிட்டுப் போங்க" என்றார். என்ன நினைத்து அப்படிச் சொன்னார் என்று கேட்க வேண்டும் என்று பலமுறை நினைத்ததுண்டு. கேட்கவில்லை.

இங்கே வாரம் என்பது நம் வாரம் அல்ல. ஞாயிற்றுக்கிழமை இவர்களுக்குச் சந்தைக்கு முந்தின நாள், அவ்வளவுதான். கடுக்காய் மூட்டை கட்டவும் தேனை வடித்து வைக்கவும் அன்றைக்குத்தான் நேரம். நான் வேப்பமரத்தில் தொங்குகிற தண்டவாளத் துண்டை அடித்தால் மூட்டையைப் பாதியில் விட்டுவிட்டுக் கொஞ்சம் பேர் வந்து உட்காருவார்கள், பாட்டைக் கேட்பார்கள், எழுந்து போவார்கள். மறுநாள் நானும் அவர்களோடு சந்தைக்கு இறங்கி உப்பும் சீமெண்ணெயும் வாங்கி வருவேன். செவ்வாய் முதல் பள்ளிக்கூடம். கதிர் பிடிக்கிற காலத்தில் பிள்ளைகள் குருவி விரட்டப் போய்விடுவார்கள், பள்ளிக்கூடம் நானும் கரும்பலகையுமாக நடக்கும். சாயங்காலம் காய்ச்சல்காரர்களுக்குக் கொய்னா மருந்து. மூன்று வருஷமாக இதுதான். ஞானஸ்நானம் எத்தனை என்று சங்கம் கேட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. கொழும்புக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் போன நம் ஊர்க்காரர்களே, நீங்களாவது அனுப்பிய பணத்தைக் காட்டலாம்.

அப்பா இறந்த செய்தியை நான் சந்தையில், உப்புக் கடை முன்னால் கேட்டேன். தர்மபுரி மிஷன் பங்களாவுக்குத் தந்தி வந்து சில நாள் ஆகிவிட்டது. மேலே ஆள் அனுப்ப வழியில்லாமல், எப்படியும் சந்தைக்கு வருவான் என்று ஐயர் எனக்காகக் காத்திருந்தார். அவரும் நம் பக்கத்துக் குருவானவர்தான்.

"தம்பி, அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார். அடக்கமும் முடிந்தது" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். அவர் ஜெபித்தார். ஜெபம் முடிந்ததும் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வாத்தியார் வேலை வைத்திருப்பதாகவும், அம்மா தனியாக இருப்பதால் என்னை அனுப்பச் சொல்லிக் கேட்டிருப்பதாகவும் சொன்னார். போவதா இருப்பதா என்று அடுத்த சந்தை நாளில் நான் பதில் சொல்ல வேண்டும். சரி என்றேன். பிறகு கடைக்காரர் பக்கம் திரும்பி உப்பு வாங்கினேன். அளவில் ஒரு பிடி குறைகிறது என்று வாதாடிக்கூட வாங்கினேன். எனக்குள் ஒன்றும் நடக்கவில்லை. கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி 'அப்பா இல்லை, அப்பா இல்லை' என்று மனதைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டே மலை ஏறினேன். கூட வந்த தீர்த்தன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்தார். என் தலையிலிருந்த மூட்டையை வாங்கித் தன் மூட்டை மேல் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் சட்டியோடு போனேன். குப்பாயி என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். கொஞ்சம் பொறுத்து, கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நெருப்பு இல்லீங்க, வாத்தியாரே."

கூரையிலிருந்து புகை போய்க்கொண்டிருந்தது. நான் புகையைப் பார்த்தேன். கொண்டுபோன சுள்ளியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன்.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை. சரி, குருவி விரட்டப் போயிருக்கும் என்று இருந்தேன். மறுநாளும் வரவில்லை. கொய்னாவுக்கு நாள் தவறாமல் வருகிறவர்கள் வரவில்லை. வழியில் எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நின்று தலையைக் குனிந்துகொண்டார்கள். அடுத்த வீட்டில் கேட்டாலும் நெருப்பு இல்லை. போன மாதம் ஐயர் மேலே வந்தபோது, ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரை நிற்கவைத்து, கிடாவெட்டை நிறுத்தச் சொல்லிக் கடுமையாகப் பேசிவிட்டுப் போயிருந்தார். அது இப்போதுதான் வேலை செய்கிறது என்று முடிவு செய்தேன். போகச் சொல்கிறார்கள், வாய்விட்டுச் சொல்வதற்குக் கூச்சப்பட்டு நெருப்பை நிறுத்தியிருக்கிறார்கள். வருத்தமாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. அவலை ஊறவைத்து, வீட்டிலிருந்து வந்த கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு நாட்களைத் தள்ளினேன்.

ஒன்றை மட்டும் கவனித்தேன். ஓடைக்குப் போகிற வழியில் நாவல்மரத்தடியில் ஒரு தட்டைக் கல் உண்டு. அதன்மேல் தினமும் இலை போட்டு மூடிய சட்டி ஒன்று இருந்தது. இவர்கள் தங்கள் தெய்வத்துக்கு ஏதோ படையல் வைக்கிறார்கள், ஒருவேளை என்னை விரட்டுவதற்கே வைக்கிறார்கள் என்று எண்ணி, ஊழியக்காரனுக்குரிய ஜாக்கிரதையோடு சுற்றிக்கொண்டு போனேன்.

ஞாயிற்றுக்கிழமை தண்டவாளத்தை அடித்தேன். யாரும் வரவில்லை. சங்கீதத்தை நானே வாசித்தேன், பாட்டுப் பாடவில்லை. பிறகு தகரப் பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்கினேன். ஐயருக்குச் சொல்ல வேண்டிய பதில் தயாராகிவிட்டது. பெட்டியைப் பூட்டுகிற நேரத்தில் தீர்த்தன் வந்தார். ஓடைக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார்.

"வாத்தியாரே, ஒண்ணு கேக்கலாங்களா? எங்க சோறு உங்களுக்கு ஆவாதுங்களா?"

"எந்தச் சோறு?"

"நாவமரத்துக் கல்லு மேல வெக்கறதுங்க. தெனமும் ஒரு வூட்டுச் சோறு. நேத்து ஊர்க்கவுண்டர் வூட்ல இருந்து வந்துதுங்க. எல்லாம் நாயி துன்னுட்டுப் போவுது. கீழ்நாட்டுக்காரரு நம்ம சோத்தத் தொட மாட்டாருன்னு பொம்பளைங்க பேசிக்கறாங்க."

"அது உங்க சாமிக்கு வச்சதுன்னு நெனச்சேன்."

தீர்த்தன் ஓடையோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"சாமிக்கு யாருங்க கீரைக் கொழம்பு ஊத்தி வெப்பாங்க?"

பிறகுதான் ஒவ்வொன்றாகச் சொன்னார். எழவு வீட்டில் அடுத்த சந்தை வரைக்கும் அடுப்பு எரியக்கூடாது. அந்த வீட்டுக்கு யாரும் நெருப்பு கொடுக்கக்கூடாது. பிள்ளைகளை அனுப்பக்கூடாது. ஊரே முறைவைத்துச் சோறு போடும். துக்கக்காரன் அந்தக் கல்லின் அருகே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நெருப்பு இல்லையென்று பொய் சொல்ல வேண்டியதாகிவிட்டதே என்று குப்பாயிக்கு அன்றைக்கெல்லாம் சோறு இறங்கவில்லையாம்.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"பெத்தவனுக்கு மவன் அழுவறதுக்கு முந்தி நாங்க அதப்பத்தி வாயத் தொறக்கக் கூடாதுங்க. இன்னைக்கி அழுவீங்க, நாளைக்கி அழுவீங்கன்னு பாத்துட்டே இருந்தோம். நாளைக்கி சந்தைங்க. இனி பொறுக்க முடியாதுன்னுதான் வந்தேன்."

எனக்குப் போன வருஷம் நடந்தது ஞாபகம் வந்தது. ஊரில் தங்கியிருந்த வளையல்காரருக்கு அவர் பிள்ளை இறந்த சேதி வந்தது. அன்று சாயங்காலமே இதே குப்பாயி அவருக்கு நெருப்பு கொடுத்ததை என் கண்ணால் பார்த்தேன். அதைக் கேட்டேன்.

"அவரு வளையக்காரருங்க" என்றார் தீர்த்தன். "அவருக்கு ஏதுங்க இந்த ஊர்ல தீட்டு?"

இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். மூன்று வருஷமாக இந்த ஊரில் எனக்கு என்ன இடம் என்று தெரியாமல் இருந்தேன். அது தெரிந்தபோது என் பெட்டி பூட்டித் தயாராக இருந்தது.

"எனக்கு அழுகை வரலை, தீர்த்தன்."

"செரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் கடுக்காய் மூட்டைகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பெண்கள் வந்தார்கள். ஓடையின் அக்கரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். குப்பாயி முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு கேட்டார்.

"உங்கப்பன் பேரு என்னாங்க?"

"ஞானமுத்து."

"என்ன வேலைங்க செஞ்சாரு?"

"பனையேறுவார்."

இந்த மலையில் பனை கிடையாது. சந்தைக்குப் போகிற வழியில் பார்த்த மரத்தை வைத்துக்கொண்டு குப்பாயி ஆரம்பித்தார். வானம் தொடுற மரத்திலே ஏறிப்போன ஞானமுத்து மாமன் இன்னும் எறங்கி வரலியே என்று அவர் இழுக்க, மற்றவர்கள் மாரில் அடித்துக்கொண்டு சேர்ந்துகொண்டார்கள். ஒப்பாரி கூடாது என்று இதே பெண்களிடம் நான் பிரசங்கம் செய்திருக்கிறேன். நம் ஊரில் அப்பாவின் அடக்கம் ஒழுங்காக, கீர்த்தனை பாடி நடந்திருக்கும். அம்மா சேலை நுனியை வாயில் வைத்துக்கொண்டு சத்தம் வராமல் நின்றிருப்பாள். இங்கே, அப்பாவின் முகத்தைக்கூட அறியாதவர்கள் அவரை மாமன் என்றும் அண்ணன் என்றும் கூப்பிட்டுச் சாயங்காலம் வரை அழுதார்கள். என் கண் நனையவில்லை. கை மட்டும் அவர்கள் பாட்டுக்கு மாரில் தட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, போதும் என்று நினைத்தார்களோ என்னவோ, எழுந்து போனார்கள். இருட்டுவதற்கு முன் நாவல்மரத்தடிக்குப் போய்க் கல்லருகே உட்கார்ந்து சாமைச் சோறு சாப்பிட்டேன். தூரத்தில் யாரோ நின்று நான் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

விடிந்ததும் ஊர்க்கவுண்டர் வந்தார். எல்லா வீட்டு அடுப்பிலிருந்தும் எடுத்த கங்குகள் ஒரே சட்டியில் இருந்தன. அவற்றை அவரே என் அடுப்பில் கொட்டினார்.

"மூத்த மவன் ஒரு வருசத்துக்கு இத அணைய வுடக்கூடாதுங்க. சாம்பல் போட்டு மூடி வெச்சிக்கங்க."

சந்தையில் ஐயர் கேட்டார். "என்ன தம்பி, என்ன முடிவு?"

"அடுப்பிலே நெருப்பை வச்சிட்டு வந்திருக்கேன் ஐயா."

"அப்படியா வருவது? கூரையில் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும்?" என்று பதறினார். அவருக்கு எதை விளக்குவது, எதை மறைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இந்த வருஷம் ஊருக்குப் போகவில்லை, அந்த வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

"அம்மாவுக்கு என்னப்பா சொல்ல?"

நான் உப்பு மூட்டையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு மலைப்பக்கம் திரும்பினேன். அம்மாவிடமிருந்து பிறகு ஒரு பொட்டலம் வந்தது. கருப்பட்டியும், எங்கே சேர்த்தாளோ, ஓலையில் இறுக்கிச் சுற்றிய தீப்பெட்டிகளும். தன் மகன் வீடு வீடாக நெருப்புக் கேட்டு நிற்கிறான் என்று என் கடிதத்தில் கேட்டது அவளுக்குப் பொறுக்கவில்லை. பொட்டலத்தைக் கூரை எரவாணத்தில் செருகி வைத்திருக்கிறேன். ஒரு குச்சிகூட உரசவில்லை.

நேற்று முழுக்க மழை. இன்று காலையில், நான் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தபோது வாசலில் குப்பாயி நின்றார். கையில் சட்டி.

"எங்க கூரை ஒழுகி அடுப்பு அணைஞ்சிபோச்சுங்க. கொஞ்சம் நெருப்பு குடுங்க, வாத்தியாரே."

இந்த ஊரில் என்னிடம் யாரும் நெருப்பு கேட்டதில்லை. இரண்டு கங்குகளை எடுத்துப் போட்டேன். அவர் சட்டியை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார்.

"உங்க ஊர்ல இப்ப யாருங்க அடுப்பு மூட்டறது?"

"அம்மா."

"தனியாங்களா?"

"தனியாத்தான்."

குப்பாயி ஒரு சுள்ளியை என் அடுப்போரம் வைத்தார். பிறகு மடியிலிருந்து இன்னொன்றை எடுத்து, சற்றுத் தள்ளி, சுவரோரமாக வைத்தார்.

"இது உங்களுக்குங்க. அது உங்கம்மா வூட்டு அடுப்புக்கு."

முதல் சுள்ளியில்தான் இன்றைக்குக் கஞ்சி காய்ச்சினேன். மற்றதை எப்படி அனுப்புவது என்று தெரியவில்லை. எரவாணத்தில், அம்மாவின் தீப்பெட்டிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் செருகியிருக்கிறேன்.