கம்பெண்டியம் கேட்ட கிழவி

இங்கிலாந்துக்கு வந்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. நன்றாகத் தெரியும் என்று நான் நம்பிய ஏதாவதொரு ஆங்கிலச் சொல் இன்னும் தினமும் என் காலை வாரிவிடுகிறது. போன வாரம் அது ‘கம்பெண்டியம்’.

எங்கள் வார்டில் மிஸஸ் வெல்ஸ் என்றொரு கிழவி, இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கிறார். பார்க்க வருவோர் யாருமில்லை. ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, "அந்தக் கம்பெண்டியத்தைக் கொண்டு வாயேன்" என்றார். நாகர்கோவிலில் நான் நர்ஸிங் படித்த ஆஸ்பத்திரியில் அந்தப் பெயருக்கு ஒரே பொருள்தான்: மருந்துகளைச் சுருக்கித் தொகுத்த தடித்த புத்தகம். டாக்டரம்மா கேட்டால் ஓடிப்போய் எடுத்து வருவோம். அந்தப் பழக்கத்தில் வார்டுக்குத் தலைமையான சிஸ்டரின் அறையிலிருந்து அதை எடுத்து வந்து, "உங்களுக்கு எந்த மருந்தைப் பார்க்க வேண்டும்?" என்றேன்.

கிழவியின் முகம் வெளுத்தது. "புது மருந்தா? அவ்வளவு மோசமாகிவிட்டேனா?" என்று அழத் தொடங்கினார். வார்டு சிஸ்டர் ஓடிவந்து புத்தகத்தைப் பிடுங்கினார். "இங்கிலீஷ் புரியாவிட்டால் கேட்டுத் தொலையேன்!" எல்லாக் கட்டில்களும் என்னைப் பார்த்தன.

நாகர்கோவிலை ஒட்டிய கோட்டாற்றுக்காரி பிலோமினா என்னோடு வேலை செய்கிறவள். விஷயம் கேட்டுச் சிரித்தாள்.

"ஏட்டி, இவங்களுக்குக் கம்பெண்டியம்னா வெளையாட்டுப் பெட்டியாக்கும். தாயக்கட்டம், பாம்பு ஏணி எல்லாம் ஒண்ணா கெடக்கும். என்கிட்ட கேட்டிருக்கக்கூடாதா?"

நர்ஸ் விடுதியில் இருந்த அகராதியைப் புரட்டினேன். லத்தீனில் ‘சேர்த்து நிறுப்பது’ என்பது மூலமாம். அதிலிருந்து சேமிப்பு, பிறகு சுருக்கம், தொகுப்பு என்று பொருள் நகர்ந்திருக்கிறது. கோட்டாற்றுக் கடையில் மிளகையும் மல்லியையும் சேர்த்து நிறுத்தால் அம்மா சண்டைக்குப் போவாள். லத்தீன்காரர்கள் அதற்கொரு சொல்லே வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் வேலை முடிந்ததும், கால் கடுக்க, வார்டு அலமாரியில் கிடந்த அந்தப் பெட்டியோடு கிழவியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, பாம்பு ஏணியை விரித்தார்.

"இந்த விளையாட்டு எங்கள் நாட்டிலிருந்து வந்தது" என்றேன்.

"இல்லை கண்ணே, இது எங்களுடையது. சின்ன வயதிலிருந்தே ஆடுகிறேனே."

நான் காய்களை எடுத்து வைத்தேன்.

"உன் ஊர் எங்கே?"

நான் புறப்பட்டபோது என் ஊர் இருந்தது திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில். இப்போது மெட்ராஸ் மாநிலத்தோடு சேர்ந்துவிட்டது என்று அண்ணன் எழுதியிருக்கிறான். இதையெல்லாம் எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? "இந்தியா" என்றேன். அவருக்கு அது போதுமாயிருந்தது.

பகடையை உருட்டினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று மனதுக்குள் எண்ணிக் காயை நகர்த்திவிட்டு, கிழவிக்குக் கேட்கும்படி "த்ரீ" என்றேன்.