இரண்டு டப்பாவிலும் ஒரே பச்சை

ஓவேலி மலைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மூத்திரப் பரிசோதனை செய்த நாளை நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வருகிறது. அந்தப் பகுதிக்கு நான் சுகாதார நர்ஸ். சிறுநீரகத்தில் கோளாறு இருக்கிற பிள்ளை ஓடி ஆடிக்கொண்டுதான் இருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. மூத்திரத்தைச் சோதித்தால் சீக்கிரம் பிடித்துவிடலாம்.

முந்தின நாளே ஆளுக்கொரு மூடி போட்ட டப்பாவில் பெயர் எழுதிக் கொடுத்து, "காலையில எந்திரிச்சதும் போற மொத ஒண்ணுக்கப் புடிச்சுட்டு வரோணும், சரிங்களா கண்ணுகளா?" என்று சொல்லியிருந்தேன். மறுநாள் ஒருவன் டப்பா போதாது என்று தண்ணீர் பாட்டில் நிறையக் கொண்டுவந்திருந்தான். இரட்டைப் பிள்ளைகளில் மூத்தவள் ஒரே ஒரு டப்பாவை நீட்டி, "நாங்க ரெண்டு பேரும் ஒண்ணுதானுங்க" என்றாள். இன்னொருவன் பின்னாலேயே வந்து, "எனக்கு எத்தன மார்க்குங்க?" என்று நச்சரித்தான்.

சோதிக்கிற ஸ்டிரிப் ஒரு சின்னப் பட்டை. மூத்திரத்தில் நனைத்து ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். மஞ்சளாகவே இருந்தால் நல்லது. பச்சையானால் புரதம் கசிகிறது என்று அர்த்தம். நான் ஒவ்வொன்றாக நனைக்க, பிள்ளைகள் சுற்றி நின்று ஒன்று, இரண்டு என்று அறுபது வரை கூவினார்கள். வரிசையாக மஞ்சள், மஞ்சள்.

இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனுடைய ஸ்டிரிப் கரும்பச்சையானது. அடுத்த டப்பா அவன் பக்கத்தில் உட்காரும் சிறுமியுடையது. அதுவும் அதே கரும்பச்சை. ஒரே பெஞ்சில் இரண்டு பேருக்கா? ஸ்டிரிப் கெட்டுப்போயிருக்குமோ என்று புது டப்பியைப் பிரித்தேன். அதிலும் பச்சைதான்.

இரண்டு பேருக்கும் தண்ணீர் குடிக்கக் கொடுத்து, திரும்பப் பிடித்துவரச் சொன்னேன். இந்த முறை பையனுடையது பளிச்சென்று மஞ்சள். சிறுமியுடையது மாறவில்லை. நான் பையனைப் பார்த்தேன். அவன் உதடு பிதுங்கி ஓவென்று அழ ஆரம்பித்தான்.

"வர்ற வழியில கொட்டிருச்சுங்க. டீச்சர் திட்டுவாங்கன்னு அழுதேன். இவதான் அவளோடதுல பாதி ஊத்திக் குடுத்தா."

டீச்சர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டார். அந்தச் சிறுமி மட்டும் நிமிர்ந்து, "அவன் பாவம், அதான்" என்றாள்.

சிரித்தபடியேதான் அவளைப் பக்கத்தில் இழுத்தேன். அப்போதுதான் கவனித்தேன். கண்ணிமைகள் உப்பியிருந்தன. சாக்ஸின் விளிம்பு காலில் பள்ளமாகப் பதிந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே விரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. என் சிரிப்பும் நின்றது.

அவளுடைய அம்மா கொழுந்து பறிக்கிறவர். சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து பெற்றோரோடு வந்தவர். மலைச்சரிவில் ஏறிப் போய் விஷயத்தைச் சொன்னேன். கையை நிறுத்தாமலே கேட்டார்.

"பிள்ளைக்கு இப்பத்தானே நர்சம்மா மொகத்துல சதை வச்சிருக்கு. நான் சந்தோசப்பட்டுக்கிட்டு இருக்கேன்."

"அது சதை இல்லைங்க, தண்ணி. ஒடம்புல நிக்க வேண்டிய சத்து ஒண்ணுக்குல போகுது. ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகோணுங்க."

"இன்னைக்கு லீவு எடுக்க ஏலாது."

நான் அங்கேயே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். "அப்ப நானும் போகலைங்க" என்றேன். என்னை முறைத்தபடியே கூடையை இறக்கிவிட்டு, வேலை வாங்கும் மேஸ்திரியிடம் லீவு சொல்லப் போனார்.

ஊட்டி பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தை டாக்டர் பார்த்தார். பயப்பட வேண்டாம், பிள்ளைகளுக்கு வருகிற நோய்தான், மாத்திரைக்கு அநேகமாகக் கேட்கும் என்றார். கேட்டது. சில வாரங்களில் வீக்கம் வடிந்து, ஸ்டிரிப் மஞ்சளுக்குத் திரும்பியது. ஆனால் இது திரும்பி வரக்கூடியது; அதனால் வீட்டிலேயே தினமும் காலையில் சோதித்து எழுதிவைக்க வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து பச்சை என்றால் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நிற அட்டையை வைத்து மெதுவாக விளக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே நிறுத்தினார்.

"நர்சம்மா, நான் விடிஞ்சா பொழுது சாஞ்சா பச்சையத்தான் பாக்குறேன். இதுல எது இளசு, எது முத்தலுன்னு எனக்குத் தெரியாதா?"

உண்மைதான். நிறம் பார்ப்பது அவர், எழுதுவது மகள் என்றானது. ஒருநாள் நான் மஞ்சள் என்று சொன்ன ஸ்டிரிப்பை வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்து, "இல்ல, லேசாத் திரும்பிருக்கு" என்றார். மறுநாள் எனக்கே தெரிந்தது. மூன்றாம் நாளும் பச்சை. நான் சொல்வதற்கு முன்பே லீவு போட்டுவிட்டு, மகளைக் கிளப்பிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நின்றார். முகம் வீங்குவதற்குள் மருந்து தொடங்கிவிட்டதால் அந்தத் தடவை சுருக்கமாக முடிந்தது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

மகள் இப்போது ஐந்தாம் வகுப்பு. மாத்திரை நிறுத்தி வெகுநாளாகிறது. அவளுக்கு இருக்கிற ஒரே குறை, உப்பு அதிகம் கூடாதென்று அம்மா இன்னமும் ஊறுகாய் பாட்டிலை எட்டாத உயரத்தில் வைத்திருப்பது.

அம்மாவோ தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளில் எந்தப் பிள்ளையின் முகம் காலையில் உப்பியிருந்தாலும் விடுவதில்லை. போன மாதம் அடுத்த வரிசை வீட்டுப் பிள்ளை ஒன்றைக் கையைப் பிடித்து என்னிடம் இழுத்துவந்தார். "பாருங்க, ஊதிக் கெடக்கு!"

பார்த்தேன். ஒரு கன்னம் மட்டும் ஊதியிருந்தது. வாயைத் திறக்கச் சொன்னேன். சொத்தைப் பல்.

"அதையும் பாருங்க" என்றார், கொஞ்சமும் அசராமல்.