விசாலாட்சிக்குப் புரியாத ஓட்டம்

எங்கள் கல்லூரியில் பெண்களின் நெடுந்தூர ஓட்டத்தைத் தூக்கி நிறுத்தியவள் விசாலாட்சி என்று ஊரே சொல்லும். அவளையே கேட்டால், எப்படி நடந்தது என்று எனக்கே தெரியாது என்பாள். அடக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டில் வருடக்கணக்காக இருந்தவள் நான். அடக்கத்துக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். உண்மையாகவே அவளுக்குத் தெரியாது.

1977இல் உடற்பயிற்சி ஆசிரியையாகக் கொடைக்கானலுக்கு வந்தாள். மதுரைக்காரி, கோ-கோ ஆடியவள். எங்கள் பெண்கள் கல்லூரி மைதானத்தில் பந்து உருண்டால் பள்ளத்தில் இறங்கித்தான் தேட வேண்டும். ஓட்டக் குழு என்று பேருக்கு மூன்று பேர். அதில் ஒருத்திக்கு மூச்சிழுப்பு. போட்டிக்குப் போவார்கள், பாதியில் உட்காருவார்கள், கோயிலும் கடைத்தெருவும் பார்த்துவிட்டு மலையேறுவார்கள். தாவரவியல் நடத்திய எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. அவளுக்குத்தான் மானம் போயிற்று.

வில்பட்டியிலிருந்து காட்டு வழியாக நடந்து கல்லூரிக்கு வரும் ஐந்து பெண்கள் அவள் கண்ணில் பட்டார்கள். அவ்வளவு மேடு ஏறி வந்தும் ஒருத்திக்கும் மூச்சு வாங்கவில்லை. பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற வீட்டுப் பிள்ளைகள். இராசாத்திதான் வேகக்காரி. அன்னக்கொடி எப்போதும் கடைசி. ஐந்து பேரையும் ஓட்டத்தில் சேர்த்துவிட்டாள்.

முதல் போட்டி திண்டுக்கல்லில். இராசாத்தி எல்லோரையும் விட்டு வெகு தூரம் முன்னால் வந்தாள். முடிவுக் கயிறு எதிரே தெரிந்தது. அதற்கு நாலு எட்டு முன்னால் நின்றுவிட்டாள். நின்றவள் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றக் கல்லூரிப் பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தாண்டிப் போனார்கள். விசாலாட்சி கத்திய கத்தலில் நடுவர் கடிந்துகொண்டார். கடைசியில் அன்னக்கொடி வந்து சேர்ந்ததும் ஐந்து பேரும் ஒன்றாகக் கயிற்றைத் தாண்டினார்கள்.

ஏன்டி நின்றாய் என்று கேட்டால், "அன்னக்கொடி வரலீங்களே மிஸ்" என்றாள் இராசாத்தி, இதுகூடத் தெரியாதா என்கிற முகத்தோடு.

அவர்கள் வழியில் காட்டெருமை உண்டு, மூடுபனி உண்டு. முன்னால் போகிறவள் ஒவ்வொரு திருப்பத்திலும் நிற்க வேண்டும். பின்னால் வருகிறவளின் காலடி கேட்ட பிறகுதான் நகர வேண்டும். ஒருத்தி மட்டும் ஊருக்குள் நுழைந்தால், மற்ற பிள்ளைகள் எங்கே என்று நாலு வீட்டுத் தாய்மார்களும் பதறி ஓடி வருவார்கள். பந்தயம் வேறு, பாதை வேறு என்று விசாலாட்சி ஒரு வருடம் தொண்டை கிழியச் சொன்னாள். தலையைத் தலையை ஆட்டிவிட்டு மறுபடி நின்றார்கள். இராசாத்தியைத் தனியாக ஓடவிட்டால் சந்தைக்குப் போகிறவள் போல் நடந்தாள். அன்னக்கொடியை நீக்கினால் மற்ற நாலு பேரும் வரவில்லை.

அடுத்த வருடமும் இப்படியே என்றால் ஓட்டத்தை மூடிவிடலாம் என்று முதல்வர் சொல்லிவிட்டார். விட்டுத் தொலை என்றேன் நான். அவள் விட்டது இராசாத்தியை; பிடித்துக்கொண்டது அன்னக்கொடியை. காலையும் மாலையும் ஏரியைச் சுற்ற வைத்தாள். கடைசி ஆளை ஏன் பிடித்துக்கொண்டாய் என்று கேட்டேன். கத்துவதற்கு வேறு ஆள் கிடைக்கவில்லை என்றாள்.

அடுத்த போட்டியில் ஐந்து பேரும் கூட்டமாக, ஆறாவதிலிருந்து பத்தாவது வரை வந்தார்கள். ஒரு பதக்கம்கூட இல்லையே என்று திட்ட வாயெடுத்தவளை ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். ஐவர் பிடித்த இடங்களையும் கூட்டி, எந்தக் கல்லூரிக்குத் தொகை குறைவோ அதற்குக் கேடயம். ஒரு ஆள் குறைந்தாலும் கணக்கில் எடுக்கமாட்டார்கள். விதி அவளுக்குத் தெரியும். நம் கல்லூரிக்கும் அது பொருந்தும் என்று அவள் நினைத்ததே இல்லை. திட்டுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கேடயத்தோடு பஸ் ஏறினாள்.

அதற்குப் பிறகு ஒரே வழியில் நடந்து வருகிற பெண்களாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தாள். இலங்கையிலிருந்து வந்து எஸ்டேட்டில் குடியேறிய குடும்பங்களிலிருந்தும் ஒரு கூட்டம் வந்தது. மைதானம் சமமாயிற்று, கேடயம் எங்களிடமே தங்கிற்று. மற்றக் கல்லூரிக்காரர்கள் அவளுடைய முறை என்னவென்று கேட்பார்கள். வாய்க்கு வந்ததைச் சொல்லிவைப்பாள்.

இராசாத்தியும் அன்னக்கொடியும் எம்.ஏ. இரண்டாம் வருடத்துக்கு வந்துவிட்டார்கள், கல்லூரியில் அதுதான் கடைசி வருடம். தனி ஆளாக முதல் மூன்று இடத்தில் வந்தால்தான் அகில இந்தியப் போட்டிக்குப் பல்கலைக்கழகம் அனுப்பும். எதையும் கேட்டறியாத இராசாத்தி ஒரு நாள் பயிற்சி முடிந்ததும் சொன்னாள்: "ஒருக்காவாச்சும் நிக்காம ஓடிப் பாக்கணும்னு இருக்குங்க மிஸ். ஆனா காலு நின்னுருது." பக்கத்தில் அன்னக்கொடி குனிந்து ஷூ லேசை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

விசாலாட்சி என் சமையற்கட்டுக்கு வந்து புலம்பினாள். இராசாத்தியை நிற்காமல் போ என்று சொன்னால் அன்னக்கொடி பின்தங்குவாள், கேடயம் போய்விடும். சொல்லாவிட்டால் இந்தப் பெண் ஆயுசுக்கும் ஏங்குவாள். போட்டி நாள் வரை இராசாத்திக்கு அவள் ஒரு முடிவும் சொல்லவில்லை.

அன்று விடியற்காலைப் பஸ்ஸுக்கு நாலு பேர்தான் வந்தார்கள். அன்னக்கொடிக்குக் காய்ச்சல் என்றார்கள். பெயர் கொடுத்த ஐவருக்குப் பதில் வேறு ஆளை இறக்க முடியாது; நாலு பேர் ஓடினால் குழுவே இல்லை. இன்றைக்குப் பார்த்தா காய்ச்சல் வர வேண்டும் என்று வத்தலக்குண்டு வரும்வரை வளைவுக்கு வளைவு அவளைத் திட்டித் தீர்த்தாளாம் விசாலாட்சி. மதுரையில் இராசாத்தி தொடக்கத்தில் இரண்டொரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை. இரண்டாவதாக வந்தாள். கேடயம் வேறு கல்லூரிக்குப் போயிற்று. சந்தோஷப்படுவதா அழுவதா என்று விசாலாட்சிக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் வெயில் ஏறும் முன் வில்பட்டிக்குப் போனாள், நன்றாக நாலு கேள்வி கேட்டுவிட்டு வர. அன்னக்கொடி பூண்டுக்காட்டில் களை கொத்திக்கொண்டிருந்தாள். காய்ச்சலுமில்லை, ஒன்றுமில்லை. இவளைக் கண்டதும் களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். இவள் வாயைத் திறக்கும் முன்னே அவள் கேட்டாள்.

"நின்னுட்டாளா மிஸ்?"

"நிக்கலடி" என்றாள் விசாலாட்சி.

அன்னக்கொடி வரப்பிலேயே உட்கார்ந்து, மண் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அது சந்தோஷத்திலா வருத்தத்திலா என்று விசாலாட்சி கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவளும் அழுதாளாம்.