ஜனாதிபதி பதவிக்கு அம்சா போட்ட மனு

நாவலூரில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பத் தொடங்கிய காலத்தில் அங்கே சித்தாளாகச் செங்கல் சுமந்தவள் அம்சா. வீடு மாமல்லபுரத்துக்குத் தெற்கே வெள்ளைமேட்டில். கடற்கரைச் சாலையை அகலப்படுத்தியபோது அந்தத் தெருவின் அறுபத்திரண்டு குடும்பங்களையும் சாலைக்குக் கிழக்கிலிருந்து மேற்கே மாற்றிவிட்டார்கள். கிழக்கு ஊரின் வாக்காளர் பட்டியல் அவர்கள் பெயரை அடித்தது. மேற்கு ஊரின் பட்டியல் சேர்த்துக்கொள்ளவில்லை.

ஓட்டில்லாத தெருவை எந்தக் கட்சிக்காரர் எட்டிப் பார்ப்பார்? குடிநீர்க் குழாய் சாலையின் அந்தப் பக்கத்தோடு நின்றுபோனது. லாரிகளுக்கு நடுவே குடத்தோடு ஓடுவது பெண்கள் பாடு. பெயர் சேர்க்கச் சொல்லி அம்சா மூன்று முறை மனு கொடுத்திருந்தாள். மூன்று முறையும் "அடுத்த திருத்தத்தில் பார்க்கலாம்" என்று வாயால் சொல்லி அனுப்பினார்கள். எழுத்தில் ஒரு வரி கிடையாது.

2002 ஜூன் மாதம், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நாலாவது மனுவுக்கு வந்தாள். தாலுகா ஆபீஸ் வாசலில் மேசை போட்டு மனு எழுதும் ஜானகிராமன் பேப்பரில் மூழ்கியிருந்தார். ஜனாதிபதி தேர்தல் அறிவிப்பு வந்திருந்தது. நிற்பவருக்கு என்ன தகுதி வேண்டும் என்று பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரருக்கு உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்.

"இந்தியக் குடிமகனா இருக்கணும், முப்பத்தஞ்சு வயசு முடிஞ்சிருக்கணும், ஓட்டர் லிஸ்ட்ல பேர் இருக்கணும், அரசாங்கச் சம்பளம் வாங்கக் கூடாது."

"படிப்பு இன்னா கேக்கறான் சாரே?" என்றாள் அம்சா.

"ஒண்ணும் கேக்கலை."

அம்சாவுக்குச் சுருக்கென்றது. போன வருஷம் ஆயா வேலை கேட்டுப் போனபோது எட்டாவது பாஸ் இல்லை என்று விரட்டினார்கள். இன்னொரு ஆபீஸில் பெருக்குகிற வேலைக்கு, வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது என்று கையை விரித்தார்கள். இப்போது அவளுக்கு முப்பத்தேழு. அட, நமக்கு எல்லாத் தகுதியும் உள்ள உத்தியோகம் நாட்டிலேயே இது ஒன்றுதானா!

"பேரு லிஸ்ட்ல கீதுன்னு எப்டி காட்றது?"

"வேட்புமனு கூட, லிஸ்ட்ல பேர் இருக்கிற பக்கத்துக்குச் சான்றிட்ட நகல் வைக்கணும். ஆபீசர் கையெழுத்து, சீலோட."

"அப்ப அத்தயே எழுது சாரே. ஜனாதிபதிக்கு நிக்கப் போறேன், நகல் வேணும்னு. கடைசித் தேதியும் போடு."

ஜானகிராமன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். இருபது வருஷத்தில் எத்தனையோ மனு எழுதியவர், இப்படி ஒன்றை எழுதியதில்லை. ஆனாலும் விஷயம் சட்டென்று பிடிபட்டது. மற்ற எதற்கும் எழுதாத அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார்.

தேர்தல் பிரிவில் துணை வட்டாட்சியர் பட்டாபிராமன் மனுவைப் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். சுற்றியிருந்த குமாஸ்தாக்களும் சிரித்தார்கள். "ஏம்மா, முன்மொழிய அம்பது பேர், வழிமொழிய அம்பது பேர், எம்.பி., எம்.எல்.ஏ.வா கையெழுத்துப் போடணும். தெரியுமா?"

"அத்த நான் பாத்துக்கறேன் சார். உங்க கையெழுத்து ஒண்ணு போதும். பேரு கீதுன்னா நகல் குடுங்க. இல்லன்னா இல்லன்னு எழுதிக் குடுங்க. இன்னாத்துக்கு இல்லன்னும் எழுதிடுங்க."

சிரிப்பு அப்படியே அடங்கியது. இல்லை என்று எழுதினால், ஜனாதிபதி தேர்தலில் நிற்க வந்த குடிமகளை இந்த ஆபீஸ் தடுத்தது என்று சீல் வைத்துக் கொடுத்தது போல ஆகும். டில்லிக்குப் போகிற காகிதம். ஏன் இல்லை என்று யாராவது தோண்டினால் பழைய மூன்று மனுவும் வெளியே வரும். பட்டாபிராமன் பொல்லாதவர் இல்லை, வேலையைத் தள்ளிப்போட்டே பழகியவர். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உக்காரும்மா. எந்தத் தெரு, எத்தனை வீடுன்னு விவரமா சொல்லு" என்றார்.

சொன்ன வாரமே ஜீப்பில் விண்ணப்பக் கட்டோடு தெருவுக்கு வந்து இறங்கினார். வீடு வீடாக உட்கார்ந்து எழுதியதில் நூற்று எழுபத்தொரு பெயர் பட்டியலில் ஏறியது. வேட்புமனுவின் கடைசித் தேதி அதற்குள் போயே போய்விட்டது. "இன்னா, அம்பது எம்.பி. கெடச்சாங்களா?" என்று புருஷன் கண்ணாயிரம் வம்பிழுத்தான். "எனக்கு வேற வேல கீதுய்யா" என்று சித்தாள் வேலைக்கு பஸ் ஏறினாள் அம்சா.

2004 தேர்தலுக்கு முன்பே, கும்பிட்டபடி வந்த கட்சிக்காரர்களோடு குழாயும் சாலையைத் தாண்டியது. ஓட்டுப் போடும் நாளில் வரிசையில் முதல் ஆள் அம்சா. பட்டனை அழுத்தியதும் இயந்திரம் கூவியது. சத்தியமாகச் சொல்கிறேன், மூன்று பிள்ளை பெற்றபோதும் அழாதவள் அங்கே அழுதாள்.

2007 ஜூலையில் டில்லியில் ஒரு பெண்மணி ஜனாதிபதியாகப் பதவியேற்பதை டி.வி.யில் காட்டினார்கள். கண்ணாயிரம் தொடையைத் தட்டிச் சிரித்தான்.

"இன்னா அம்சா, ஒன் சீட்ட அந்தம்மா புட்சிக்கினாங்களே!"

அம்சா டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒக்காரட்டும். நம்ம எம்.பி. யாருக்குப் போட்டாரோ தெரியாது. ஆனா ஓட்டுப் போட அவர டில்லிக்கு அனுப்புனவ நான்யா."