கபரஸ்தானுக்கு ஒரு பாதை

அப்போது நான் செங்கல்பட்டில் ஒரு நாளிதழின் நிருபர். ஏரியை ஒட்டியிருந்த முஸ்லிம்களின் கபரஸ்தானுக்குப் பாதை கிடையாது. மழைக்காலத்தில் யாராவது இறந்தால், உடலை வைத்த சந்தூக்கை முழங்கால் தண்ணீரில் தூக்கிப் போவார்கள். புறப்படும் முன் தையல்கடை பாய் எனக்கு ஆள் அனுப்புவார். நான் கேமராவோடு போகும்வரை சந்தூக் பள்ளிவாசலில் காத்திருக்கும். ஒவ்வோர் ஐப்பசியிலும் படம் வந்தது. பாதை வரவில்லை.

பிறகு சிறுபான்மையினர் நலனுக்கென்று அரசு ஓர் ஆணையம் அமைத்தது. அதன் உறுப்பினர் ஒருவர் பயணியர் மாளிகையில் குறைகேட்க வந்தார். பாய் பேசினார். உறுப்பினர் உடனே காரில் போய் இடத்தைப் பார்த்தார்; அங்கேயே தாசில்தாரிடம் நிலத்தை அளக்கச் சொன்னார். அடுத்த மழைக்குமுன் மண் கொட்டி, மேடாக்கி, பாதை போட்டுவிட்டார்கள்.

பாய் என்னை அழைத்துப்போய்க் காட்டினார்.

“ஒரே தபா வந்தாரு சார். பாத்தாரு, முட்ச்சிட்டு பூட்டாரு. இன்னா மன்சன்!”

இரண்டு முறை இதையே சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை.

“நானும் இத்தனை வருஷமா எழுதினேனே, பாய்?”

“எழுதுன சார், யாரு இல்லேன்னா? நீ எழுதிகினே இருந்த, நாங்க நனஞ்சிகினே இருந்தோம்.”

அவர் சிரித்தார். நான் எங்காவது குழி இருக்கிறதா, ஓரம் சரிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். கபரஸ்தான் வாசல்வரை பாதை நன்றாகத்தான் இருந்தது.